குழந்தையின் கரப்பானுக்கு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் போடலாமா?

உங்கள் கடிதத்தின்படி, மூன்று வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா). தோல் மருத்துவர் மொமெட்டசோன் 0.1% என்ற ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே வீட்டில் உங்கள் தங்கை, மங்குக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீமை ஆறு மாதம் முகத்தில் போட்டுவிட்டு, இப்போது ஒருநாள் போடாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறது என்கிறார். அந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் மொமெட்டசோன் 0.1%. பக்க விளைவுகள் என்னென்ன என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி வேறு. தங்கையின் முகத்தையே கெடுத்த மருந்தைக் குழந்தைக்குத் தடவலாமா என்பதுதான் அது.

தடவலாம். எந்த இடத்தில், எத்தனை நாள், எந்த நோய்க்கு என்ற மூன்றும் மாறினால் ஒரே ஸ்டீராய்டு இரண்டு மருந்துபோல நடந்துகொள்ளும். குழந்தைக்கு நோய் கண்டறிந்து, இடம் பார்த்து, நாள் குறித்து எழுதியிருக்கிறார்கள். தங்கைக்கு இந்த மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. இருவரையும் நேரில் பார்க்காமல் எழுதுகிறேன்; மகளுக்கு இருப்பது கரப்பான்தான் என்று இங்கிருந்து உறுதி சொல்ல முடியாது, பார்த்தவர் சொன்னதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் ட்யூபில் அச்சிட்டிருக்கும் விழுக்காடு. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1% இந்த வரிசையில் மிக மென்மையானது. குளோபெட்டசால் 0.05% மிகக் கடுமையானது. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அது இருபதில் ஒரு பங்கு, வீரியத்தில் பல நூறு மடங்கு. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோனைப் பூசிக் கரப்பானை அடக்க முடியும் என்று சுல்ஸ்பெர்கரும் விட்டனும் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவை அந்த மூலக்கூறில் சிறுசிறு மாற்றம் செய்து வீரியம் கூட்டப்பட்டவை. எனவே ஒரு மருந்தின் விழுக்காட்டை இன்னொரு மருந்தோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. மொமெட்டசோனும் பீட்டாமெத்தசோன் வேலரேட்டும் வீரியமானவை என்ற பிரிவில் வரும், குளோபெட்டசாலுக்குக் கீழே. அதே மருந்து க்ரீமாக இருப்பதைவிட ஆயின்மென்டாக இருக்கும்போது பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்யும், ஏனென்றால் எண்ணெய்ப்பசை தோலை மூடி ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கிறது.

அடுத்தது இடம். 1967இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் பூசி, எங்கே எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடைப் பக்கம் 13, விதைப்பையில் 42. உள்ளங்காலில் மாதக்கணக்கில் போட்டும் ஒன்றும் ஆகாத க்ரீம் முகத்தில் சில வாரங்களில் தோலைக் கெடுப்பது இதனால்தான். தொடை இடுக்கு, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற இடங்களில் தோலோடு தோல் ஒட்டிக் கிடப்பதால் மேலே பிளாஸ்டிக் கட்டியதுபோல ஆகிவிடும். டயப்பருக்குள் போடுவதும் அதே கதை. முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மெல்லிய தோல்தான். அதனால்தான் உங்கள் மருத்துவர் நாள் கணக்கு குறித்திருப்பார்.

இப்போது உறுதியாகத் தெரிந்த கெடுதல்களுக்கு வருகிறேன். வீரியமான ஸ்டீராய்டு ஒரே இடத்தில் தொடர்ந்து பட்டால் மேல்தோல் மெலியும், அதன் அடியில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் உருவாவது குறையும். தோல் சிகரெட் காகிதம்போலச் சுருங்கி மின்னும், உள்ளே ஓடும் நுண்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் மெலிந்த தோல் சில மாதங்களில் பெரும்பாலும் தேறிவிடும். தேறாதது வரித்தழும்பு. தொடை இடுக்கிலும் அக்குளிலும் வளரும் வயதுப் பிள்ளைகளிடம் இது அதிகம். முதலில் ஊதாச் சிவப்பாக அகன்ற பட்டையாக வரும், பிறகு வெளிறும், மறையாது. இவற்றோடு, போட்ட இடத்தில் ரோமம் வளர்வது, ஒரே அளவில் ஒரே மாதிரி சிறு பருக்கள் கிளம்புவது, வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வருவது, நிறம் வெளுப்பது ஆகியவையும் உண்டு. அரிதாக, ஸ்டீராய்டுக்கே ஒவ்வாமை வரும். போடப்போடக் கரப்பான் கூடுகிறதே, மருந்து போதவில்லையோ என்று வீரியத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மருந்தேதான் காரணமாக இருக்கும். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால்தான் பிடிபடும்.

நிறம் வெளுப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் தோல் நிறத்தில் இதுதான் அதிகக் குழப்பம். கரப்பான் ஆறிய இடம் தானாகவே சில மாதம் வெளிறியோ கறுத்தோ இருக்கும். அம்மாக்கள் அதைப் பார்த்து ஆயின்மென்ட் குழந்தையின் தோலை வெளுக்க வைத்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் வெளுக்க வைத்தது நோய். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: அரிப்பு போய்விட்டது, சொரசொரப்பு போய்விட்டது, கறுப்பு மட்டும் இருக்கிறது, அந்தக் கறுப்பு போகட்டும் என்று மேலும் இரண்டு மாதம் தடவுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பைத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைப் போலவே வழவழவென்று இருந்து, குழந்தையும் சொறியவில்லை என்றால் தினசரி போடுவதை நிறுத்தலாம். கறுப்பு தன் போக்கில் மங்கும்.

அளவுக்கு, 1991இல் லாங்கும் ஃபின்லேயும் வகுத்த விரல்நுனி அளவை எளிது. பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை மடிப்பு வரை, 5 மில்லிமீட்டர் வாயுள்ள ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, இரண்டு அளவுள்ள இடத்துக்குப் போதும். ட்யூபின் வாய் குறுகலாக இருந்தால் கோட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் நான்கு மடிப்புகளும் சேர்ந்து உங்கள் கை நான்கு அளவைத் தாண்டாது என்று வைத்தால், ஒரு வேளைக்கு இரண்டு விரல்நுனி, அதாவது 1 கிராம். தினம் ஒருமுறை என்றால் 15 கிராம் ட்யூப் இரண்டு வாரத்தில் தீரும். அதே ட்யூப் நான்கு மாதம் வருகிறது என்றால் பயத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படிப் போட்டால் நோயும் அடங்காது, நாளும் நீளும். நான்கு நாளில் தீர்கிறது என்றால் நோய் பரவியிருக்கிறது அல்லது அளவு மிஞ்சுகிறது. இரண்டுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீரியமான ஸ்டீராய்டைத் தினம் ஒருமுறை போட்டாலே இருமுறைக்குச் சமமாகப் பலன் கிடைக்கிறது என்பது கரப்பான் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த காக்ரன் அறிக்கையின் முடிவு. அதே தொகுப்பில், தோல் மெலிந்ததாகப் பதிவானவர்கள் 2,266 பேரில் 26 பேர், சுமார் 1%. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை, மேற்பார்வையில் நடந்தவை. கடையில் வாங்கி ஆறு மாதம் போடுபவருக்கு அந்த 1% பொருந்தாது.

குளித்துத் துவட்டியதும் ஈரம் காய்வதற்குள் ஈரப்பதக் க்ரீமை உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூசுங்கள்; இருபது முப்பது நிமிடம் கழித்து நோயுள்ள இடத்தில் மட்டும் ஸ்டீராய்டு. எது முதலில் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை, சண்டை போட வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றை உடனே குழைத்து ஸ்டீராய்டு நீர்த்துப்போகவும், நல்ல தோலுக்குப் பரவவும் விடாமல் இருந்தால் போதும். தடவிய கையைக் கழுவுங்கள், குழந்தையின் கண்ணில் படக் கூடாது. அடங்கியபின் அடிக்கடி திரும்ப வருகிற கரப்பானுக்கு, வழக்கமாக வரும் இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் போடச் சொல்வது உண்டு. இன்னொரு வழி டாக்ரோலிமஸ் 0.03%, ஸ்டீராய்டு அல்லாத பூச்சு மருந்து. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உரியது, தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் எரியும், அந்த எரிச்சலிலேயே பலர் விட்டுவிடுவார்கள். இரண்டில் எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மருந்து உடம்புக்குள் போய் ஏதாவது செய்யுமா? செய்யும், ஆனால் அதற்கு வீரியம், பரப்பு, நாள் மூன்றும் கூட வேண்டும். குளோபெட்டசால் நாளுக்கு 2 கிராம் போட்டாலே உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை மந்தமாகலாம் என்று மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. அது பெரியவருக்கான கணக்கு. குழந்தைக்கு எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், ஆகவே அதே கிராம் குழந்தைக்குப் பெரிய அளவு. டயப்பர் புண்ணுக்கு வீட்டில் கிடந்த குளோபெட்டசாலை மாதக்கணக்கில் போட்டதால் முகம் உப்பி, கன்னம் தொங்கி, எடை ஏறி, உயரம் நின்றுபோன கைக்குழந்தைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கொழுகொழுவென்று இருக்கிறது என்று வீட்டில் மகிழ்ந்திருப்பார்கள். அந்த நிலையில் ஒரு விஷயம் தலைகீழ்: பயந்துபோய் மருந்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும்போது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடம்பு தாங்காது. வாந்தி, சோர்ந்து துவண்டுபோதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன க்ரீம் எவ்வளவு நாள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். நான்கு மடிப்பில் நாளுக்கு 1 கிராம் மொமெட்டசோன் இரண்டு வாரம் போடுகிற உங்கள் மகள் இந்தக் கூட்டத்தில் இல்லை.

கண் தனியாகச் சொல்ல வேண்டியது. இமையில் தோல் மிக மெல்லியது. அங்கே வீரியமான ஸ்டீராய்டு நீண்ட நாள் போட்டால் கண்ணழுத்தம் கூடிக் கண்நரம்பு கெடலாம், புரை விழலாம். அழுத்தம் கூடுவது வலிக்காது, பார்வை குறைந்தபின்தான் தெரியும். கர்ப்பிணிகளுக்கு மென்மையானதும் நடுத்தரமானதும் பாதுகாப்பானவை. வீரியமானதைக் கர்ப்பகாலம் முழுவதும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் போட்டவர்களிடம் குழந்தையின் எடை குறைவதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் படர்தாமரையைச் சொல்லாமல் போக முடியாது, இந்தியாவில் ஸ்டீராய்டு அதிகம் வீணாய்ப்போவது அங்கேதான். "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கலவை: குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு. இரண்டு நாளில் அரிப்பு போய்விடும். அரிப்பு என்பது பூஞ்சையை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்தியதே தவிரப் பூஞ்சையைத் தொடவில்லை. எதிர்ப்பில்லாத தோலில் அது தாராளமாகப் பரவும். வட்டத்துக்குள் வட்டம் வரும், ஓரம் மழுங்கும், செதில் குறையும், பார்த்தால் படர்தாமரை என்றே தோன்றாது. 1968இலேயே ஐவும் மார்க்ஸும் இதற்கு மாறுவேடப் படர்தாமரை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். இப்போது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியாத ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை பரவியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டது, பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இதைக் கலவைக் க்ரீம்கள் வளர்த்துவிட்டன என்று பல தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நியாயமான ஊகம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

தங்கைக்கு வருவோம். மங்குக்கு விற்கும் அந்த மூன்று மருந்துக் கலவையில் வழக்கமாக ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% இருக்கும். 1975இல் தோல் மருத்துவர் க்ளிக்மன் வகுத்த பழைய சேர்மானத்தின் வழித்தோன்றல். அங்கே ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் போட்டு நிறுத்த வேண்டிய மருந்து இது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் வினை. ஸ்டீராய்டு இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, நிறமியைக் குறைக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோலை உரிக்கிறது. மாதங்கள் போனபின், சுருங்கியே கிடந்த குழாய்கள் மருந்தை விட்டதும் ஒரேயடியாக விரிகின்றன. முகம் சிவந்து, காந்தி, பரு கிளம்புகிறது. மீண்டும் தடவினால் அரைமணியில் அடங்குகிறது. க்ரீம் எனக்கு ஒத்துக்கொள்கிறது, விட்டால்தான் கெடுகிறது என்று தோன்றுவது அதனால். இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர், 14.8%, ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள். அதன் பிறகு 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளையும் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. கடைகளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு உங்கள் தங்கையின் ட்யூபே சாட்சி.

அவர் செய்ய வேண்டியது க்ரீமை நிறுத்துவது. முகத்தில் மெல்லியதாகத் தடவியவருக்கு அட்ரினல் ஆபத்து மிக அரிது. ஆனால் நிறுத்திய சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகம் முன்னைவிட மோசமாகக் கிளம்பும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். இது தெரியாதவர்கள்தான் ஐந்தாம் நாள் பழைய ட்யூபைத் தேடுகிறார்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, மென்மையான ஸ்டீராய்டுக்கு மாறிப் படிப்படியாகக் குறைப்பதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு முறையிலும் தேறுகிறார்கள். இடைக்காலத்தில் வாசனையில்லாத ஈரப்பதக் க்ரீம், துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன், குளிர்ந்த நீர்த் துணி. ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், ஃபேஷியல், எலுமிச்சை, கடலைமாவு எதுவும் வேண்டாம். மருத்துவர் டாக்ரோலிமஸோ டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ தரலாம். முழுவதும் அடங்கச் சில மாதம் பிடிக்கும். எஞ்சி நிற்கும் சிவப்பு நூல்களுக்கு லேசர் தேவைப்படலாம். மங்குக்கு வைத்தியம் அதற்கப்புறம்.

சந்தேகத்தில் இருப்பவை சில. நிறுத்தியபின் முகம் மட்டுமல்லாமல் உடம்பெங்கும் மாதக்கணக்கில் சிவந்து எரிகிறது என்று பலர் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் இதை ஏற்று எச்சரிக்கை வெளியிட்டது. ஆனால் எது திரும்பி வந்த கரப்பான், எது நிறுத்தியதால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் சோதனை இல்லை. நிதானமாக நாள் குறித்துப் போட்ட குழந்தைகளிடம் இதைப் பார்ப்பது அரிது. நாளாக நாளாக மருந்து பலிக்காமல் போகும் என்பார்கள். பலமுறை அது மருந்து பழகிப்போனதல்ல, தடவுவதில் சோம்பல் வந்தது. வீரியமான ஸ்டீராய்டை மொத்தம் 500 கிராமுக்கு மேல் போட்டவர்களிடம் எலும்பு மெலிவு சற்றுக் கூடுகிறது என்று 2021இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தையல்ல. உங்கள் மகளின் 15 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரில்லாத க்ரீம்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மூலிகை என்று சொல்லி டப்பாவில் தரும் களிம்பு எந்த அரிப்பையும் இரண்டே நாளில் நிறுத்தி, விட்டதும் இரட்டிப்பாகக் கிளம்ப வைத்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். பெயருள்ளவற்றில் சேர்மானத்தைப் படியுங்கள்: -மெத்தசோன், -மெட்டசோன், -பெட்டசால், -னோலோன், -டிகசோன், -கார்ட்டிசோன் என்று முடிந்தால் அது ஸ்டீராய்டு.

குழந்தைக்கு இரண்டு வாரத்தில் விரலுக்கு வழவழப்புத் தெரியாவிட்டாலும், நடுவில் நீர் வடிந்து தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலும், காய்ச்சலோடு சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்தாலும் போடும் நாளைக் கூட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலாவது நோய் வேறாக இருக்கலாம் என்பதற்கு, இரண்டாவது பாக்டீரியா ஏறியதற்கு, மூன்றாவது ஹெர்பிஸ் கிருமி கரப்பானில் பரவியதற்கு அடையாளம். அந்த மூன்றாவதுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தங்கை போகும்போது, வீட்டில் கிடக்கும் பழைய ட்யூப், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்தது என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.